கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனுக்கு

தம்பி,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்த வயதில் கோடு போட்ட நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை உங்கப்பா சாப்பாட்டுக் கேரியரோடு இதையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் வருவார். இதை ரகசியம் என்று நினைத்து எழுதவில்லை. சுதா எழுந்து உட்கார்ந்ததும் அவளிடம் கொடு. அந்த வார்டு வாசல் பெஞ்சில் உன்னோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மற்றப் பையன்கள் கேட்டால் அவர்களிடமும் கொடு. அங்கே எல்லாருக்கும் ஒரே பயம்தானே.

இன்று காலை அந்த வார்டுக் கதவு ஒருக்களித்து இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை, நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிஸ்டர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்காருங்கள், பாப்பாவை உங்கள் நெஞ்சில் போடுகிறேன், அம்மாவால் எழுந்து வர முடியாதபோது அப்பாவின் சூடு போதும் என்று சொன்னாள். நல்ல பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். நீ இரண்டடி பின்னால் போனாய். "வேணாம் சிஸ்டர், இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்றாய். அதைக் கேட்டதும் நான் படி இறங்கிவிட்டேன். சொல்லாமல் போய்விட்டாள் என்று கோபப்பட்டிருப்பாய். கடலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, திருப்பாப்புலியூர் வந்து சேரும்வரை அந்த ஒரு சொல்தான் காதில் இருந்தது. அது என்னுடைய சொல். எப்படி உன் வாய்க்கு வந்தது என்று தெரியவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் திட்டுவேன், அது வேறு. எட்டு மாசத்தில் பிறந்த பிள்ளை, ஒரு கிலோ நானூறு. முழங்கை உன் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வருகிறது. கீழ் மாடியில் பிரஷர் ஏறி, வயிற்றைக் கிழித்து, கண் திறக்காமல் கிடக்கிறாள் சுதா. உனக்குப் பயம் இல்லை என்றால்தான் நான் கவலைப்படணும். முப்பது வருஷம் நர்சம்மா என்று பேர் வாங்கியவள் நான். எனக்கே இன்றைக்கு எழுத்து கோட்டை விட்டுப் போகிறது, பார்த்தாலே தெரியும். ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு நான் செய்த இரண்டு காரியங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று உனக்குப் பாதி தெரியும். இன்னொன்று தெரியவே தெரியாது. முதலில் பாதி தெரிந்ததைச் சொல்கிறேன்.

பச்சையன் வந்த கதை. 2006, நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம், அண்ணாமலை நகரில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தாய். சிநேகிதர்களோடு சென்னைக்குப் போனவன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இக்வானா என்கிற அந்த வெளிநாட்டுப் பல்லிக் குட்டியைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டாய். ஊர்கிற ஜந்து எதுவும் லாட்ஜுக்குள் இருக்கக் கூடாது என்று ஓனர் சத்தம் போட, சனிக்கிழமை ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றாய். டப்பாவைத் திறந்து காட்டினாய். உள்ளே ஒரு சாண் நீளத்தில் பச்சைப் பசேல் என்று ஒன்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீயும் உங்கப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கால் முன்னால் வரும் பிள்ளையைக் கையால் வாங்கியவள், பல்லி என்றால் ஊரைக் கூட்டுவேன். சுவரில் பல்லி கத்தினால்கூடப் புடவையை உதறுவேன். உனக்குச் சின்ன வயசிலிருந்தே அது தெரியும், தெரிந்துதான் சிரித்தாய்.

உங்கப்பாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர் வடலூர் வழிக்காரர், வீட்டுக்குள் முட்டைகூட வராது. இது இலை தழைதான் தின்னும், பூச்சி புழு தொடாது என்று நீ சொன்னதும், "அப்ப இது நம்ம வூட்டுப் புள்ளடி" என்று சொல்லி, பச்சையன் என்று பேரும் வைத்துவிட்டார். பரணில் கிடந்த பழைய மீன் தொட்டியைக் கழுவி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, ஹாலில் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலில் வைக்கவும் அவருக்குப் பயம். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்து உடும்பு என்று சொல்லிவிட்டால் ஃபாரஸ்ட்காரன் வந்து நிற்பான் என்று ஜன்னலுக்குத் திரையும் போட்டார். நீ திங்கட்கிழமை சிதம்பரம் போகும்போது, "அம்மா, பரீட்சை முடியிற வரைக்கும்தாம்மா. நீதான் நர்சாச்சே, பாத்துக்க மாட்டியா?" என்று கேட்டாய். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டியது வாஸ்தவம். மூன்று வாரம் அதன் பக்கத்தில் நான் போகவே இல்லை. கீரையை நறுக்கித் தட்டில் வைப்பதோடு சரி, தொட்டிக்குள் வைப்பது உங்கப்பா வேலை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் அது கீரையை மிச்சம் வைக்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு வைத்தது வைத்தபடி. எப்போதும் முன்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி உட்காருமே, அது நின்றுபோயிற்று. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு இழுத்து இழுத்துப் போயிற்று. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உப்பி, வாய் முழுசாக மூடவில்லை. உங்கப்பா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு ரப்பர் மாதிரி அமுங்குகிறது என்றார். அன்று சாயங்காலம் நான் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது, அதன் பின்னங்கால் விரல்கள் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. கால் அசையவில்லை. விரல் மட்டும் துடிக்கிறது. பிறகு உடம்பு முழுக்க ஒரு உதறல் வந்து நின்றது.

எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன். இழுப்பு, வலிப்பு என்பார்களே அது. அந்தக் காலத்தில் பிரசவத்தில் பிரஷர் ஏறி இழுப்பு வந்த தாயையும், தொப்புளில் கிருமி போய் இழுப்பு வந்த பிள்ளையையும் எப்படிப் பார்க்கணும் என்று எனக்கு டிரெயினிங்கில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். இருட்டு அறை. சத்தம் கூடாது. வெளிச்சம் பட்டால் மறுபடி இழுக்கும். தொடக் கூடாது, தொட்டாலும் இழுக்கும். நான் பல்பை அணைத்தேன். என்னுடைய பழைய கருநீலப் புடவையை நாலாக மடித்துத் தொட்டியின் நாலு பக்கமும் தொங்கும்படி போர்த்தினேன். உங்கப்பா, "வெளிச்சம் வேணாமாடி அதுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், நீங்கள் சும்மா இருங்கள் என்று அடக்கிவிட்டேன். நர்ஸ் சொன்னால் மறுபேச்சு ஏது அவருக்கு.

நாலு நாள் அப்படியே இருட்டில் கிடந்தது தம்பி. நாலு நாளும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ போன் பண்ணினாய். எப்படிம்மா இருக்கான் என்று கேட்டாய். நல்லா இருக்கான், கீரை தின்றான், தூங்குகிறான் என்று சொன்னேன். உனக்குப் பரீட்சை, மனசைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. இந்த உயிர் என் கையில் சாகப் போகிறது, நீ என்னைப் பார்த்து என்ன கேட்பாயோ என்கிற பயம். இன்னொரு நிஜமும் இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் புடவையைப் போர்த்திய அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஹாலில் நடக்கும்போது அதைப் பார்க்க வேண்டாம். தொடக் கூடாது என்று வைத்தியமே சொல்கிறது, நான் என்ன செய்ய? என் அருவருப்புக்கு ஒரு சர்டிஃபிகேட் கிடைத்த மாதிரி ஆயிற்று. புடவையைப் போர்த்தியது அதன் இழுப்புக்காக இல்லை. எனக்காக.

ஐந்தாம் நாள் காலை உங்கப்பா மனசு கேட்காமல் புடவையைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், "இது சாவுதுடி. புள்ளைக்கு இன்னாடி சொல்றது?"

அவருக்குப் பஸ் பணிமனையில் லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸெல்லாம் மழையில் நின்று நின்று வருகிற நேரம். அவரே அதைத் தூக்கித் துணி சுற்றி டப்பாவில் போட்டு, மூடியைக் கயிற்றால் கட்டி, என் ஒயர் கூடையில் வைத்தார். நான் தினம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அண்ணாகிராமம் போனேன். மடியில் கூடை. பண்ருட்டி வரைக்கும் அதன் மேலேயே கண். உள்ளே அது அசைந்தால் ஐயோ அசைகிறதே என்று பயம். அசையாவிட்டால் செத்துவிட்டதோ என்று பயம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கோழிக்குஞ்சா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர், பிளாக் மீட்டிங்கில் பழக்கம். அவரைச் சுற்றி மாடும் ஆடும் நின்றன. மழைக் கோட்டோடு வந்து டப்பாவைத் திறந்தவர், என்னைப் போல் கதவைச் சாத்தவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், தெரிந்தமாதிரி நடிக்க மாட்டேன் நர்சம்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தாடையைத் தொட்டார், காலை நீவினார், விரல் துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னு போட்ட மாடு ரெண்டு நாள்ல நடுங்கிக்கினு படுத்துக்கும், பாத்திருப்பீங்களே. பால்ல சுண்ணாம்புச் சத்தெல்லாம் எறங்கிப்போயிடும். பாட்டில் ஏத்தினா எழுந்து நிக்கும். எனக்கு இது அது மாதிரிதான் தெரியுது. வெயில்ல வுடுவீங்களா இத?"

ஜன்னல் ஓரம்தான் இருக்கிறது என்றேன். கண்ணாடி ஜன்னலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கண்ணாடி வழியா வர்ற வெயில் வெளிச்சத்துக்குதாம்மா ஆவும். எலும்புக்கு ஆவாது. மேல படணும்" என்றார். அதற்குமேல் புடவை விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தம்பி, நான் யார்? கால் வளைந்த பிள்ளையைப் பார்த்தால் தாயைப் பிடித்து, காலை வெயிலில் எண்ணெய் தடவிக் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே போர்த்தி வைத்தாயா என்று ஊர் ஊராகத் திட்டித் தீர்த்தவள். எத்தனை தாய்மாரை அழ வைத்திருப்பேன். என் வீட்டு ஹாலில், என் புடவையால், அதையே நான் செய்திருக்கிறேன். டாக்டர் சுண்ணாம்புச் சத்து மருந்தை ஒரு சொட்டு, அரைச் சொட்டு என்று அளவு சொல்லி, முருங்கைக்கீரை கொடுங்கள், முக்கியமா வெயில், பிழைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள் என்று அனுப்பினார்.

வெயிலுக்கு எங்கே போவது? வானம் மூடிக்கிடந்தது. கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். மருந்தை உங்கப்பா காலையில் இங்க் ஃபில்லரால் வாயில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போவார். நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்து மேகத்தைப் பார்ப்பேன். உன் போன் வரும். நல்லா இருக்கான் என்பேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள், ரோடு முங்கியதால் நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணி இருக்கும், சுவரில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. ஓடி வந்து பார்த்தால் மேகம் விலகி நல்ல சுள்ளென்ற வெயில். எவ்வளவு நேரம் இருக்குமோ தெரியாது. உங்கப்பா வர சாயங்காலம் ஆகும். தொட்டியோடு தூக்கிப் போகலாம் என்று பார்த்தேன், அசைக்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டில் கூப்பிடலாமா என்றால், அவர்களுக்குத்தான் தெரியக் கூடாதே. நான் ஒருத்திதான் இருந்தேன்.

பிரசவத்துக்குப் போடுகிற ரப்பர் கிளவுஸை மாட்டிக்கொண்டேன். சிரிக்காதே. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அது வழுக்கிவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி வழுக்கி மல்லாந்து விழுந்து, திரும்பக்கூட முடியாமல் அப்படியே கிடந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது. அது மேலும் கீழும் போய் வந்தது. நான் கிளவுஸைக் கழற்றி எறிந்தேன். பிறந்த பிள்ளைக்குக் குளிர் தாக்கியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? புறங்கையால் வயிற்றைத் தொடுவோம். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய் அதன் வயிற்றைப் புறங்கையால் தொட்டுவிட்டது. சில்லென்று இருந்தது. தொட்ட பிறகு அருவருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சில்லிட்டுக் கிடக்கிறது, சூடு காட்டணும், அவ்வளவுதான் தோன்றியது. இரண்டு கையிலும் ஏந்தி, முந்தானையால் அணைத்து, மொட்டை மாடிக்கு ஏறினேன்.

மேலே காக்கை சுற்றியது, ஒரு பருந்தும் சுற்றியது. தரையில் விட்டால் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன். பட்டை பட்டையாகத் தோல், நெருங்கிப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் அதன் பச்சை கொஞ்சம் கருத்தது. வெயிலை வாங்கிக்கொள்ள அது அப்படிக் கருக்குமாம், நீதான் பிறகு சொன்னாய். அப்போது நான் செத்துக்கொண்டிருப்பதால் நிறம் மாறுகிறது என்று நினைத்து, முருகா முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கண்ணைத் திறந்தது. முன்னங்காலை நகர்த்தி என் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தது. பிடி என்று சொல்வதற்கு அதில் பலம் ஒன்றும் இல்லை. ஆனால் பிடித்தது. நான் அந்த மாடியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன்.

அன்றைக்கு மத்தியானமே உனக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினாய். வெள்ளாற்றில் தண்ணீர் போகும்போதே ஊர் சுற்றி எந்தெந்தப் பஸ்ஸோ பிடித்து மறுநாள் வந்து சேர்ந்தாய். மாடிப்படி ஏறி வந்து, நான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாய். "நீயாம்மா தொட்ட?" என்று கேட்டாயே, அதில் கோபம் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். இழுப்பு நிற்கப் பத்து நாள் ஆயிற்று. தாடை வற்ற ஒரு மாசம். பின்னங்கால் ஒன்று வளைந்தது வளைந்ததுதான், நான் போர்த்திய நாலு நாளுக்கு அது சாட்சி. போன வருஷம் 'தானே' புயலில் வீதி முழுக்க மரம் விழுந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் மாற்றி மாற்றி வைத்தவள் நான்தான். இப்போதும் பவர் கட். நான் எழுதுகிற ஜன்னலுக்கு வெளியே, உங்கப்பா கட்டின கம்பிவலைக் கூண்டில் மூன்றடி நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். நன்றாகத் தின்கிறான், திமிரும் ஜாஸ்தி.

இதுவரைக்கும் உனக்குப் பாதி தெரிந்த கதை. மாடியில் நான் ஏன் அப்படி அழுதேன் என்பது உனக்குத் தெரியாது. ஒரு பல்லிக்காக அழுதேன் என்று நீயும் உங்கப்பாவும் ஆறு வருஷமாகக் கேலி பண்ணுகிறீர்கள். உங்கப்பா கேலி பண்ணுவது உன் முன்னால் மட்டும்தான். அவருக்குத் தெரியும்.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள், தம்பி. உனக்கு இரண்டு வருஷம் முன்னால். ஏழு மாசத்தில் பிறந்தாள். அப்போது கண்ணாடிப் பெட்டியெல்லாம் எங்களுக்கு ஏது. அட்டைப் பெட்டியில் பஞ்சைப் பரப்பி, மேலே நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு அதில் வைத்தார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டில்தான். கை நீட்டினால் எட்டும். அங்கே இருந்த ஆயாம்மா, "எடுத்து மார்ல போட்டுக்கம்மா, சூட்டுக்குத் தேவல" என்று தினமும் சொல்லுவாள். படிக்காதவள். நான் டிரெயினிங் முடித்தவள். வேண்டாம், தொற்று வந்துவிடும் என்று சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். தூக்கினால் என் பிள்ளை என்று ஆகிவிடும், ஆன பிறகு போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயம். தூக்காமல் இருந்தால் கொஞ்சமாக வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். உங்கப்பாதான் உள்ளே விரலை நீட்டுவார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். ஆறு நாள் இருந்தாள். ஆறு நாளில் ஒரு தடவைகூட நான் அவளைத் தூக்கவில்லை. துணி சுற்றிக் கொண்டுபோகும்போது தூக்குகிறாயா என்று கேட்டார்கள். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. ஏழு மாசம், அந்தக் காலம், ஒருவேளை பிழைத்திருக்க மாட்டாள். அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த வரவில்லை. கொஞ்சமாக வலிக்கும் என்று போட்ட கணக்கு தப்பு என்று சொல்லத்தான் வந்தேன். இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. அவள் எடை என்ன, எத்தனை மில்லி பால் இறங்கியது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் உடம்பு எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. மெத்தென்று இருக்குமா, சூடாக இருக்குமா, எதுவும் தெரியாது. அந்த மாடியில் ஒரு பல்லிக்குட்டி என் விரலைப் பிடித்தபோது, அவள் பிடி எப்படி இருந்திருக்கும் என்று என்னால் தெரிந்துகொள்ள முடிந்தது அவ்வளவுதான். பயந்தது தப்பில்லை. பயத்துக்கு வைத்தியம் என்று பேர் வைத்து நான் தள்ளி நின்றேன் பார், அதுதான் தப்பு. இரண்டு தடவையும் அதையேதான் செய்தேன். இன்று காலை நீயும் அதையே செய்தாய். உனக்கு இன்ஃபெக்‌ஷனைப் பற்றி என்னடா தெரியும்? அந்த சிஸ்டருக்குத் தெரியும். அவள் கூப்பிடுகிறாள்.

உன் பிள்ளை பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் நல்லா ஆயிடும் என்று சொல்வார்கள், நானும் உன் மாமியாரிடம் அப்படித்தான் சொன்னேன். உன்னிடம் சொல்ல மாட்டேன். போனில் நல்லா இருக்கான் நல்லா இருக்கான் என்று உன்னை ஒரு தடவை ஏமாற்றினது போதும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போன் மணி அடித்தால் எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

நாளைக்கு உங்கப்பா கொண்டுவரும் பையில் மேலே கேரியர், கீழே உன்னுடைய அந்தப் பழைய மஞ்சள் சட்டை. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்தது, துவைத்து வெயிலில் காய்ந்தது. குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொள். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி அப்பாவிடம் கொடு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. இரண்டு கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள், சில்லென்ற கையோடு தொடாதே. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிஸ்டர் எப்படி வைக்கிறாளோ அப்படியே விடு, நீயாக நகர்த்தாதே. மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதே, அது அவர்கள் மிஷின் வேலை. உன் கை நடுங்கும். நடுங்கட்டும். நெஞ்சு வேகமாக அடிக்கும், அது பாப்பாவுக்குக் கேட்கும், கேட்டால் நல்லதுதான். உங்கப்பா வார்டு வாசலில் நிற்பார். நீ உட்காரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். அவர் அதிகம் பேச மாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு நாளும் விரலை நீட்டிக்கொண்டு நின்ற மனுஷர் அவர்தான்.

உன் அக்காவுக்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. பிழைக்கட்டும், வைக்கலாம் என்று இருந்தோம். நீயும் சுதாவும் அப்படி எதற்கும் காத்திருக்க வேண்டாம். பேர் சாவகாசமாக யோசிக்கலாம், நாள் பார்க்கலாம், சுதா எழுந்ததும் நீயும் அவளும் நானுமாகச் சண்டை போட்டு வைக்கலாம். முதலில் பாப்பாவைத் தூக்கு.

அம்மா